கோட்டு வேண்டுமா, சட்டை போதுமா?

நேர்முகத் தேர்வுக்கு முதல்முறை அழைப்பு வந்த பிள்ளை உள்ள வீட்டில் உடனே கிளம்பும் கேள்வி, கோட்டு வாங்க வேண்டுமா என்பதுதான். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, மதுரை இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் ஒரு வேலை, சென்னையில் ஒரு வங்கி என்று அழைப்பு எங்கிருந்து வந்தாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. திருமங்கலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறவருக்குப் பெரும்பாலும் கையில் ஒரே ஒரு நல்ல பேண்ட் இருக்கும். அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டை ஒன்று இருக்கும். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் சரி என்று கடன் வாங்கியாவது கோட்டு எடுத்துத் தர அப்பா தயாராக இருப்பார்.

அந்தப் பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் போகும் நேர்முகத் தேர்வுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோட்டு தேவையில்லை. தேவைப்படும் சில இடங்களிலும் துணியின் விலை அல்ல, அது உடம்பில் உட்காரும் விதம்தான் எடுபடும். அதற்கு வேண்டியது நல்ல டெய்லரும் ஒரு வார அவகாசமும்.

முதலில் உங்களுக்கு நேர்முகத் தேர்வு என்று ஒன்று உண்டா என்று பாருங்கள். மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும் கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கும் இல்லை. வங்கி கிளார்க் தேர்வுக்கும் இல்லை. இவற்றுக்குப் படிக்கிறவர் உடையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சுத்தமான சட்டை போதும். வங்கி பிஓ தேர்வுக்கு உண்டு. ஐபிபிஎஸ் கணக்கில் மெயின் தேர்வுக்கு 80 பங்கு, நேர்முகத்துக்கு 20 பங்கு. டிஎன்பிஎஸ்சி குரூப் 1-க்கு உண்டு. யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் டெல்லி தோல்பூர் ஹவுஸில் நடக்கும் ஆளுமைத் தேர்வுக்கு 275 மதிப்பெண். இந்த மூன்றிலும் ஆண்களுக்கு வெளிர் நிற முழுக்கைச் சட்டை, அடர் நிற பேண்ட், பாலிஷ் போட்ட ஷூ என்று போனால் யாரும் குறை சொல்வதற்கில்லை. டை கட்டலாம், கட்டாமலும் போகலாம். டெல்லி ஆளுமைத் தேர்வு குளிர்காலத்தில் விழுந்தால் மட்டும் கோட்டு குளிருக்கே வேண்டியிருக்கும்.

கோட்டை உண்மையாகவே எதிர்பார்க்கும் இடங்கள் வேறு. எம்பிஏ வளாகத் தேர்வு, பெரிய ஓட்டல்களின் வரவேற்புப் பிரிவு, விமான நிறுவனங்கள், கார்ப்பரேட் விற்பனையில் மேல்நிலை வேலைகள், சில வெளிநாட்டு நேர்காணல்கள் ஆகியவற்றுக்குக் கோட்டு போட்டுத்தான் போகவேண்டும். ஐடி கம்பெனிகளைப் பொறுத்தவரை உள்ளே வேலை செய்கிறவர்கள் டி-ஷர்ட்டும் ஜீன்ஸுமாக இருப்பார்கள். ஆனாலும் புதிதாகச் சேர வருகிறவர் முழுக்கைச் சட்டையை இன் பண்ணிப் போவதுதான் வழக்கம். கல்லூரியின் பிளேஸ்மென்ட் பிரிவு தனி உடை சொல்லியிருந்தால் அது வேறு. எதுவும் புரியவில்லையென்றால் அழைப்புக் கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, "ஃபார்மல் என்றால் கோட்டும் வேண்டுமா, சட்டை பேண்ட் போதுமா சார்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரும் வேலையை மறுக்க மாட்டார்கள்.

சரி, கோட்டு வேண்டிய இடம் என்று தெரிந்துவிட்டது. இங்கேதான் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று வரும். நம் பக்கத்தில் கோட்டு என்பது கல்யாண வரவேற்புக்கு மாப்பிள்ளை போடும் உடுப்பு. கடைகளில் தொங்குவதும், வாடகைக்குக் கிடைப்பதும், டெய்லரின் கை பழகியிருப்பதும் அந்தக் கோட்டுத்தான். துணி மினுங்கும். மெரூன், ராயல் ப்ளூ, சந்தன நிறம் என்று இருக்கும். கழுத்துப் பட்டி சாட்டினில் வேறு நிறத்தில் இருக்கும். பையில் மடித்து வைத்த கைக்குட்டையும் நெஞ்சில் ஒரு ப்ரூச்சும் கூடவே வரும். மேடை விளக்கில் அழகாக இருக்கும் அதே கோட்டு, டியூப் லைட் எரியும் அலுவலக அறையில் மூன்று பேருக்கு எதிரே உட்காரும்போது பொருந்தாது. வரவேற்புக்கு வந்தவர் வழி தவறி வந்துவிட்டது போல இருக்கும்.

அதனால் கடையில் கேட்கும்போதே "இன்டர்வியூவுக்கு வேணும், மினுங்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். நேவி ப்ளூ அல்லது கரும் சாம்பல், இரண்டில் ஒன்று. கறுப்பு தவறில்லை, ஆனால் நேவி ப்ளூவைப் பிறகு தனிக் கோட்டாக வேறு பேண்டோடு போடலாம், கறுப்புக்கு அந்த வசதி குறைவு. கட்டம், கோடு வேண்டாம். கழுத்துப் பட்டி கோட்டின் துணியிலேயே இருக்கட்டும். இரண்டு பட்டன் போதும். அதில் மேல் பட்டனை மட்டும் போட வேண்டும், கீழ்ப் பட்டன் எப்போதும் திறந்தே இருக்கும். உட்காரும்போது மேல் பட்டனையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு கோட்டு மேலே ஏறும்.

வாடகைக் கோட்டு எடுக்கிறவர் நெஞ்சுப் பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். மலிவான கோட்டுகளில் மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவே கேன்வாஸைப் பசை வைத்துச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். தண்ணீரில் நனைத்தாலோ சூடு அதிகமாக வைத்துத் தேய்த்தாலோ அந்தப் பசை விட்டுப்போய் நெஞ்சில் சின்னச் சின்னக் கொப்புளம் போல எழும்பும். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. அப்படிக் கொப்புளம் எழும்பிய கோட்டை எடுக்காதீர்கள். இதனால்தான் சொந்தக் கோட்டு வாங்கினாலும் அதை வீட்டில் துவைக்கக் கூடாது, டிரை வாஷுக்குத்தான் கொடுக்க வேண்டும். புதுக் கோட்டு என்றால் பின்பக்கப் பிளவில் எக்ஸ் போலப் போட்டிருக்கும் நூலையும், கைநுனியில் தைத்திருக்கும் கம்பெனி லேபிளையும் பிரித்துவிடுங்கள். இரண்டுமே கடையில் தொங்கும்வரைக்கு மட்டும் போடுபவை. அதோடு போய் உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்; யாரும் சொல்லித் தரவில்லை என்பதைத் தவிர அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இனி அளவு. இதுதான் இந்த விஷயத்தின் உயிர், கோட்டுக்கும் சரி, சட்டைக்கும் சரி.

மதுரையில் புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரம் போட்டு உட்கார்ந்திருந்த டெய்லர்களை நடுவயதுக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் காலையில் துணி கொடுத்தால் சாயங்காலம் உடுப்பு வாங்க முடிந்தது. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. திருமங்கலத்திலும் கடைவீதியில் ஒற்றை இயந்திரத்தோடு உட்கார்ந்து ஆல்ட்ரேஷன் மட்டும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரெடிமேடாக வாங்கினாலும் சரி, அண்ணனுடையதை வாங்கிப் போட்டாலும் சரி, அப்படி ஒருவரிடம் போய் நிற்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

நல்ல டெய்லர் டேப்பை எடுப்பதற்கு முன் பார்ப்பது தோளைத்தான். சட்டையின் தோள் தையல், கை தொடங்கும் எலும்பு முனையில் சரியாக நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் இரவல் சட்டை என்று தெரிந்துவிடும், உள்ளே ஏறினால் கை தூக்க வராது. கோட்டில் தோள் தப்பினால் சரிசெய்வது மிகக் கஷ்டம். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், தோளை மட்டும் தொட யோசிப்பார்கள். ஆகவே ரெடிமேட் கோட்டு எடுக்கும்போது தோள் பொருந்துகிறதா என்று பார்த்து எடுங்கள், மற்றதை டெய்லரிடம் விடுங்கள்.

அடுத்து காலர். பட்டன் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிட இறுகினால் பேசும்போது குரல் திணறும், தளர்ந்தால் டை கட்டியதும் காலர் சுருங்கும். கை நீளம் மணிக்கட்டு எலும்பைத் தொட்டு நிற்கட்டும். அதன் மேல் கோட்டு போட்டால் சட்டையின் கஃப் அரை இஞ்ச் வெளியே தெரிய வேண்டும். பேண்ட் இடுப்பில் பெல்ட் இல்லாமலே நிற்க வேண்டும். பெல்ட் இழுத்துப் பிடித்துச் சுருக்கம் விழுந்த பேண்ட் ஒன்றும் உதவாது. கால் பாட்டம் ஷூவின் மேல் லேசாக ஒரே ஒரு மடிப்பு விழும்படி இருக்கட்டும்.

இதையெல்லாம் அளந்த பிறகும் அந்த டெய்லர் விட மாட்டார். "தம்பி, அந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்பார். உட்கார்ந்ததும், "இப்ப கைய நீட்டி எனக்குப் பேப்பர் கொடுக்கிற மாதிரி கொடுங்க" என்பார். சட்டையின் கை முழங்கைவரை ஏறுகிறதா, இரண்டு பட்டனுக்கு நடுவே நெஞ்சு பிளந்து பனியன் தெரிகிறதா, உட்காரும்போது தொடை பிடிக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் இது. நிற்கும்போது எல்லாச் சட்டையும் பொருந்தியது போலத்தான் தோன்றும். நேர்முகத் தேர்வு நடப்பதோ உட்கார்ந்த நிலையில். "இந்தப் பட்டன அரை இஞ்ச் தள்ளிக்கலாம்ணே" என்று அங்கேயே சரிசெய்துகொண்டு வந்துவிடலாம்.

ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதக் கை தூக்கும்போது இன் பண்ணிய சட்டை வெளியே வருகிறதா, சேலை முந்தானை நழுவுகிறதா என்று வீட்டுச் சுவரிலேயே எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

துணி எடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய கணக்கு கொஞ்சம்தான். 58 இஞ்ச் பன்னாவில் பேண்டுக்கு 1.20 முதல் 1.30 மீட்டர், முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர். 36 இஞ்ச் பன்னா என்றால் சட்டைக்கு இரண்டேகால் மீட்டருக்குக் குறையாது. கோட்டும் பேண்டும் சேர்த்து மூன்று முதல் மூன்றேகால் மீட்டர். உயரமும் பருமனும் கூடினால் இதுவும் கூடும். டெய்லரைக் கேட்டுக்கொண்டு போய்த் துணி எடுங்கள். சுத்தப் பருத்தி என்றால் தைக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கிவிடும்.

நம் ஊர் வெயிலுக்கு எது சரி? சித்திரை, வைகாசியில் 40 டிகிரி சர்வசாதாரணம். கோட்டு பிறந்தது குளிர் தேசத்தில்; அதன் உள்ளே முழுவதும் பாலியஸ்டர் லைனிங் போட்டால் வியர்வை வெளியேற வழியே இல்லை. கோட்டு தைக்கக் கொடுக்கிறவர்கள் முதுகுப் பக்கம் பாதி லைனிங் மட்டும் போடச் சொல்லுங்கள். சட்டைக்குப் பருத்தி அதிகமாகக் கலந்த துணி நல்லது. முழுப் பருத்தி உடம்புக்கு இதமானது, ஆனால் பஸ்ஸில் அரை மணி உட்கார்ந்தால் முதுகு கசங்கிவிடும். நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. சாம்பல் நிறத்திலும் வெளிர் நீலத்திலும் வியர்வை ஈரம் பளிச்சென்று தெரியும். வெள்ளையில் அவ்வளவு தெரியாது. கோடை என்றால் வெள்ளைச் சட்டையே என் முதல் தேர்வு. உள்ளே கையுள்ள பனியன் ஒன்று போட்டால் அக்குள் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும்.

நேர்முகத் தேர்வு உடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அறைக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நம்மவர்கள் அந்த அறைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. மதுரை 20 கிலோமீட்டர். காலை நேர டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு பெரியார் நிலையம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி இலந்தைக்குளமோ வடபழஞ்சியோ போக வேண்டும். தேய்த்த சட்டை பாதி வழியிலேயே போய்விடும். டூவீலரில் போனால் நாற்கரச் சாலைத் தூசி. என் யோசனை இதுதான்: பழைய சட்டையோடு கிளம்புங்கள். தேய்த்த சட்டையை மடிக்காமல் ஹேங்கரிலேயே மாட்டிக் கவர் போட்டுக் கையில் எடுத்துப் போங்கள். முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, அருகில் உள்ள ஓட்டலிலோ அலுவலகக் கழிப்பறையிலோ முகம் கழுவி, வியர்வை அடங்கிய பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். வியர்வை அடங்குவதற்குள் மாற்றினால் பயனில்லை.

சென்னைக்கு இரவு ரயிலில் போகிறவர்கள் கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி, ஒரு தோளை இன்னொரு தோளுக்குள் செருகி, தளர்வாக மடித்துப் பையின் மேலாக வையுங்கள். இறங்கியதும் கட்டணக் காத்திருப்பு அறையில் குளித்து மாறலாம். விடுதி அறை எடுத்திருந்தால் குளிக்கும்போது கோட்டைக் குளியலறையில் மாட்டிவைத்தால் வெந்நீர் ஆவியில் லேசான கசங்கல் தானாகப் போகும். புது ஷூவை அன்றைக்குத்தான் போடுவேன் என்று வைத்திருக்காதீர்கள். ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுங்கள். கடித்த காலோடு உள்ளே நுழைகிறவர் முகத்தில் அது தெரியும். சாக்ஸ் அடர் நிறத்தில் உயரமாக இருக்கட்டும், உட்காரும்போது கால் தோல் தெரியக் கூடாது.

பெண்களுக்கு நிலைமை ஒரு விதத்தில் எளிது; சேலை, சுடிதார், பேண்ட் சட்டை மூன்றுமே ஏற்கப்பட்டவை. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை ஆணையிலும் பெண்களுக்குச் சேலை, துப்பட்டாவோடு சல்வார் கமீஸ், சுடிதார் என்றுதான் சொல்லப்பட்டது. நம் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் ஆசிரியை வேலைக்குச் சேலைதான் எழுதாத விதி. வங்கிக்குச் சேலை, சுடிதார் இரண்டும் சரி. ஐடி கம்பெனிக்குச் சுடிதாரோ பேண்ட் சட்டையோ, எது பழக்கமோ அது. அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சேலை கட்டுகிறேன் என்ற நிலை மட்டும் வேண்டாம். கொசுவத்தைப் பற்றிய பயமே பாதி பதிலைத் தின்றுவிடும்.

மதுரைச் சுங்குடிப் பருத்திச் சேலை, கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டினால் அதைவிடக் கம்பீரமான நேர்முகத் தேர்வு உடை எனக்குத் தெரிந்து இல்லை. சிறிய புள்ளி, அடர் நிறம், மெல்லிய கரை. புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ச் சரக்கு. ஆனால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தாங்காது. தூரம் அதிகம் என்றால் கசங்காத கலப்புத் துணிச் சேலையோ, காட்டன் மிக்ஸ் சுடிதாரோ நல்லது. முந்தானையை மடிப்பெடுத்துத் தோளில் ஊக்குப் போட்டுவிடுங்கள், துப்பட்டாவை இரண்டு தோளிலும் குத்திவிடுங்கள். மின்விசிறிக் காற்றுக்கு அதைப் பிடித்துக்கொண்டே பேச வேண்டியிருக்காது. கைப்பையில் நான்கு ஊக்கு கூடுதலாக இருக்கட்டும். கண்ணாடி வளையலும் சலங்கை வைத்த கொலுசும் அமைதியான அறையில் ஒவ்வொரு அசைவுக்கும் சத்தமிடும், அன்று ஒருநாள் கழற்றிவையுங்கள்.

பூ வைக்கலாமா என்று மதுரைப் பெண்ணுக்குக் கேள்வி வராமல் இருக்காது. வைக்கலாம். ஆனால் ஏசி அறையில் கதவை மூடிக்கொண்டு நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது முழு முழம் மல்லிகையின் வாசம் சிலருக்குத் தலைவலி கொடுக்கும். ஒரு சிறு துண்டு போதும். குங்குமம், விபூதி, ஹிஜாப், சிலுவைச் சங்கிலி ஆகியவற்றை எடுத்துவிட்டுப் போ என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அவை அவரவர் வாழ்க்கை. அவற்றைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர் செய்வதுதான் தவறு.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தென் மாவட்டத்துக்காரராக இதைச் சொல்லியே ஆக வேண்டும். மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளி மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை அணியக் கூடாது என்று பரிந்துரைத்தது. கோயிலில் கட்டிய கயிறாகவே இருந்தாலும், எதிரே இருப்பவர் அதன் நிறத்தை வேறு விதமாகப் படிக்கக் கூடும். உங்கள் சாதி எது என்று ஊகிக்க யாருக்கும் ஒரு நூல்முனை கொடுக்காதீர்கள். வேட்டியின் கரையும் அப்படித்தான். இரண்டு மூன்று வண்ணக் கரையைப் பார்த்தாலே எந்தக் கட்சி என்று நம் ஊர்ச் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்.

வேட்டி கட்டிப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடப்படவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் நுழைவதற்கான உரிமையைக் காக்கிறது. வேலை கொடுப்பவர் எதிர்பார்க்கும் உடையைப் பற்றியது அல்ல. மேலே சொன்ன 2019 ஆணை ஆண் ஊழியர்களுக்குத் தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையும் அனுமதித்தது. தமிழாசிரியர் பணி, கோயில் நிர்வாகம், கூட்டுறவு அமைப்பு, பதிப்பகம் போன்ற இடங்களுக்கு ஒற்றை மெல்லிய கரை வைத்த வெள்ளை வேட்டியும் சட்டையும் அழகாகப் பொருந்தும். தினமும் வேட்டி கட்டுகிறவர் மட்டும் இதைச் செய்யட்டும்.

ஐடிஐ, டிப்ளமோ முடித்துத் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களை யாரும் நினைப்பதில்லை. அங்கே பேச்சு பத்து நிமிடம், அதன் பிறகு "வா, வெல்டு போட்டுக் காட்டு" என்று ஷாப் ஃப்ளோருக்குக் கூட்டிப்போவார்கள். பாலியஸ்டர் சட்டையில் தீப்பொறி பட்டால் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைகளுக்குக் கனத்த பருத்திச் சட்டையும் பருத்திப் பேண்டும் போட்டுத்தான் போக வேண்டும். சுழலும் இயந்திரத்துக்கு அருகில் டை, தொங்கும் அடையாள அட்டைக் கயிறு, தளர்ந்த கை, மோதிரம் எதுவும் கூடாது. செருப்பு போட்டுப் போனால் உள்ளேயே விட மாட்டார்கள். முன்பக்கம் மூடிய கனமான ஷூ வேண்டும்.

இவ்வளவும் தேவையா, அறிவுக்குத்தானே வேலை என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாங்வான் ஓ, எல்டார் ஷாஃபிர், அலெக்சாண்டர் டோடோரோவ் ஆகிய மூவரும் ஒன்பது ஆய்வுகள் செய்து 2019 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஒரே முகத்தைக் கொஞ்சம் வசதியானவர் போலத் தோன்றும் சட்டையோடும், கொஞ்சம் வசதி குறைந்தவர் போலத் தோன்றும் சட்டையோடும் காட்டினார்கள். வசதியாகத் தெரிந்த உடையில் இருந்த முகத்தையே திறமையானது என்று மக்கள் மதிப்பிட்டார்கள். படம் கண்ணில் பட்டது ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் என்றாலும் முடிவு மாறவில்லை. உடையைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும், சரியாக மதிப்பிட்டால் பணம் தருகிறோம் என்று சொல்லியும் மாறவில்லை.

இதை முதலில் படிக்க வேண்டியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள். ஏழை வீட்டுப் பிள்ளை அறைக்குள் வரும்போதே ஒரு படி கீழே நின்று தொடங்குகிறது, அதற்கு அந்தப் பிள்ளை எந்த வகையிலும் பொறுப்பல்ல. ஆனால் அவர்கள் மாறும்வரை காத்திருக்க நமக்கு வசதியில்லை. அந்த ஆய்விலும் கோட்டையும் கந்தலையும் வைத்து ஒப்பிடவில்லை. அன்றாட உடைகளுக்குள் இருந்த சின்ன வித்தியாசமே போதுமானதாக இருந்தது. வசதிக் குறைவை முதலில் காட்டிக் கொடுப்பது பிராண்ட் அல்ல என்பது என் எண்ணம். நைந்த காலர், வெளுத்துப்போன கறுப்புப் பேண்ட், விரிசல் விட்ட பெல்ட், தோளைவிட்டு இறங்கிய சட்டை ஆகியவைதான். இவற்றைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டாம். காலர் மட்டும் நைந்த நல்ல சட்டையைக் கொடுத்தால் பழைய டெய்லர்கள் காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்துத் தருவார்கள். வெள்ளையில் ஒன்றும் வெளிர் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு சட்டை, அடர் நிறத்தில் ஒரு பேண்ட், ஒரே நிறத்தில் பெல்ட்டும் ஷூவும் இருந்தால் பத்து நேர்முகத் தேர்வுக்குத் தாங்கும்.

கோட்டு வேண்டிய பிள்ளைக்கு அதை வாங்கும் பாரம் வீட்டின் மேல் விழாமலும் செய்யலாம். நியூயார்க்கில் நான்சி லப்ளின் என்ற பெண், கொள்ளுத் தாத்தா விட்டுச்சென்ற 5,000 டாலரை வைத்து 1990களில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். வேலை தேடும் ஏழைப் பெண்களுக்கு நேர்முகத் தேர்வுக்கான உடையை இலவசமாகத் தருவதுதான் அதன் வேலை. இன்று அது பல நாடுகளில் இருக்கிறது. அதே ஊரில் பொது நூலகத்தின் ரிவர்சைடு கிளை 2018இல் டை, கைப்பை, பிரீஃப்கேஸ் ஆகியவற்றை நூலக அட்டைக்கு மூன்று வாரம் இரவல் கொடுக்கத் தொடங்கியது.

நம் கல்லூரிகளில் இதைச் செய்யப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் நேர்முகத் தேர்வுக்குப் பேசப் பழக்குகிறார்கள்; அதோடு உடுத்தவும் ஒரு வழி செய்யலாம். 36, 38, 40, 42 அளவுகளில் நேவி ப்ளூ கோட்டு இரண்டிரண்டு, பெண்களுக்குச் சிறிய அளவுகளில் நான்கு பிளேசர், டை ஒரு டஜன் போதும். நூலகரிடம் ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு மூன்று நாளுக்கு எடுத்துப் போகட்டும். கை நீளத்தை வெட்டாமல் உள்ளே மடித்துத் தையல் போட்டால் அடுத்தவருக்குப் பிரித்துவிடலாம். டிரை வாஷ் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்கலாம். ஒன்றே ஒன்று: வளாகத் தேர்வுகள் தொடங்கும் முன், ஜூன் மாதமே தைக்கக் கொடுத்துவிட வேண்டும். தீபாவளி நெருங்கிவிட்டால் எந்த டெய்லரும் புது வேலை எடுக்க மாட்டார்.